குருவி தின்னாத புழுக்கள்

அம்மா அந்தக் கொட்டாங்கச்சியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

“பாரு கண்ணு. ஒண்ணு உடலை.”

உள்ளே சோப்புத் தண்ணீர். நுரை அடங்கிக் கலங்கலாகக் கிடந்தது. அதன் மேல் புழுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிதந்தன. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அவளிடம் நீட்டியபோது என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது அவள் முகம்.

“நாப்பத்தி மூணு. எண்ணிப் பாத்துக்க.”

நான் எண்ணவில்லை. அந்தப் புழுக்களை எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். முட்டையாக இருந்தபோதே தெரியும். எந்தச் செடியில் எத்தனை, எது முந்திச் சட்டை உரித்தது, எது பிந்தியது, எல்லாம் என் நோட்டில் இருந்தது. காலையிலிருந்து ஓடைப் பாதையில் நடந்துவிட்டு அப்போதுதான் நாற்றுப்பண்ணைக்குத் திரும்பியிருந்தேன். ஒரு காலில் இன்னும் அட்டை கடித்த இரத்தம் நிற்கவில்லை. நிழல்வலைக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“ஏங்கண்ணு, ஒடம்பு முடியலையா? மொகமே வெளுத்துப் போச்சு.”

“ஒண்ணுமில்லம்மா.”

“காத்தால சாப்புடாம ஓடுனா அப்புடித்தான். இரு, தண்ணி கொண்டாரேன்.”

கொட்டாங்கச்சியை என் காலடியில் பத்திரமாக வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். சிந்திவிடக் கூடாதென்று அதற்குப் பக்கத்தில் ஒரு கல்லை வேறு அணைவாக வைத்தாள்.

எண்ணுகிற வேலை

போன வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, பட்டாம்பூச்சி எண்ணுவதற்கெல்லாம் சம்பளம் கொடுப்பார்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கொடுத்தார்கள். என் மாமாவும் இதையேதான் கேட்டார். “அதெல்லாம் சும்மா பறந்துட்டுத் திரியறதுங்கடா, அதை எண்ணி யாருக்கு என்ன?” என்றார். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவன் நான். விலங்கியல் படித்தேன். அந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

ஆனைமலை ஊரைத் தாண்டி, தென்னந்தோப்பெல்லாம் முடிந்து மலை எழும்புகிற இடத்தில் எங்கள் நாற்றுப்பண்ணை இருந்தது. மலைமேல் காடு அழிந்துபோன இடங்களில் மறுபடி நடுவதற்காக மழைக்காட்டு மரங்களை அங்கே பையில் வளர்த்தார்கள். பண்ணையை நடத்திய அமைப்பில் நான் ஒரு வருட ஒப்பந்தத்தில் கள உதவியாளன். ஓடையை ஒட்டிய ஒரு பாதையில் வாரத்துக்கு மூன்று நாள் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் நடப்பதுபோல. பெட்டிக்குள் வருகிற பட்டாம்பூச்சியை எழுத வேண்டும். வெளியே ஆயிரம் பறந்தாலும் அது கணக்கில் வராது.

முதல் மாதம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கால் வலித்தது. அப்புறம் அது வேலையாகிவிட்டது. காலை ஐந்தே முக்கால் பஸ், நனைந்த சாக்ஸ், அட்டைக்குப் புகையிலைத் தூள், மத்தியானம் ஆறிப்போன சோறு. என்ன அழகான வேலை என்று சிநேகிதர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தூக்கம்தான் வரும்.

தமிழ் மறவன்

நான் பின்தொடர்ந்த பட்டாம்பூச்சிக்குப் பெயர் தமிழ் மறவன். ஆரஞ்சு நிறம், இறக்கையைச் சுற்றிக் கறுப்புக் கரை. மாநிலப் பட்டாம்பூச்சி என்று அறிவித்ததிலிருந்து பள்ளிக்கூடச் சுவர்களில் வரைகிறார்கள். பாதிச் சுவர்களில் வேறு ஏதோ பட்டாம்பூச்சியைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

இது ஈரக்காட்டுப் பூச்சி. வெயில் விழுகிற காட்டு ஓரத்தில் வேகமாகப் பறக்கும். இலை மேல் உட்கார்ந்து இறக்கையை விரிக்கும். ஒரு மேகம் மறைத்தால் போதும், காணாமல் போய்விடும். இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆண்பூச்சிகள் காலை வெயிலில் ஓடையின் ஈர மணலில் கூட்டமாக உட்கார்ந்து உறிஞ்சும். மணலில் இருக்கும் உப்புக்காக. என் வியர்த்த சட்டை மேலும் வந்து உட்காரும். கழுத்தில் அதன் நாக்கு படும்போது நூல் உரசுகிற மாதிரி இருக்கும். நான் அசையாமல் நிற்பேன். அந்த நேரம் மட்டும் கால் வலி தெரியாது.

சில மாதங்களில் பாதையே ஆரஞ்சாகும் அளவுக்கு வரும். சில மாதங்களில் என் நோட்டில் தொடர்ந்து பூஜ்யம்தான். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்பதுதான் பதில்.

அது முட்டையிடுவது நீரடிமுத்து மரத்தைத் தேடி. நாட்டு மருந்துக் கடைகளில் அதன் விதை கிடைக்கும், தோல் நோய்க்கு எண்ணெய் எடுப்பார்கள். முற்றிய இலை பூச்சிக்கு ஆகாது. கொழுந்து வேண்டும். மழை விட்டு வெயில் வரும்போது அந்த மரம் இளஞ்சிவப்பாகத் துளிர்க்கும். அந்தத் துளிர் கெட்டியாவதற்குள் முட்டை பொரித்து, புழு தின்று, வளர்ந்து முடிக்க வேண்டும். குட்டிப் புழுக்கள் ஒன்றாகவே இருக்கும். ஒன்றாகத் தின்னும், ஒன்றாக நகரும். பெரிதானதும் பிரிந்து போகும். அப்போது உடம்பெல்லாம் கிளைகிளையாக முள் இருக்கும். பார்த்தால் பயமாக இருக்குமே தவிர, குத்தாது.

அந்த வருடம் எங்கள் பண்ணையில் பையில் நின்ற நீரடிமுத்துக் கன்றுகளில் ஏழில் தாய்ப்பூச்சி வந்து முட்டை வைத்திருந்தது. டாக்டரம்மா ஓடி வந்து பார்த்தார். அவர்தான் எங்கள் திட்டத்தின் தலைவர், கோயம்புத்தூரிலிருந்து வாரம் ஒருமுறை வருவார். மருத்துவர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம். ஆனாலும் பண்ணைப் பெண்களுக்கு அவர் டாக்டரம்மாதான். அவரிடம் தலைவலி மாத்திரை கேட்டவர்களும் உண்டு.

“தம்பி, முட்டையில இருந்து இறக்கை வரைக்கும் ஒரு முழுப் பதிவு நம்மகிட்ட இல்ல,” என்றார். “தினமும் பாருங்க. தொடக் கூடாது. இது முழுசா வந்துச்சுன்னா உங்க ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டிக்கக் கேக்க எனக்கும் ஒரு காரணம் இருக்கும்.”

என் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருந்தது. ஆக, அந்த ஏழு கன்றுகளில்தான் என் அடுத்த வருடம் இருந்தது.

அம்மாவின் கை

அம்மாவுக்கு மாராத்தாள் என்று பெயர். அவள் சிறுவயதிலிருந்து கூலி வேலைக்குப் போனவள். அதில் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது களை எடுப்பதோ நாற்று நடுவதோ இல்லை. புழு பொறுக்குவது.

பருத்திக் காட்டில் காய்ப்புழு விழுந்தால் பெண்களை வரிசையாக இறக்குவார்கள். ஆளுக்கு ஒரு சால், ஒரு வரிசைச் செடி. இடுப்பில் அல்லது கையில் ஒரு கொட்டாங்கச்சி, அதில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர். சாலின் கடைசிக்கு வந்ததும் பொறுக்கியதைத் தோட்டத்துக்காரரிடம் காட்ட வேண்டும். எத்தனை என்று வாயால் சொல்லவும் வேண்டும். காட்டாமல் கொட்டினால் பொறுக்கவே இல்லை என்று ஆகிவிடும். அம்மா பொறுக்கிய சாலில் மறுநாள் ஒரு புழு இருக்காது, ஒரு இலை கிழிந்திருக்காது என்பார்கள். “மாராத்தாளை இந்தப் பக்கம் உடுங்க” என்று கேட்டுக் கூப்பிடுவார்களாம்.

புழு அதிகமாக இருக்கும் செடியில் தோட்டத்துக்காரர் முன்கூட்டியே ஒரு துணிக் கிழிசலைக் கட்டி வைத்துவிட்டுப் போவார். பொறுக்க வருகிறவர்கள் அந்தச் செடியை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. காட்டுக்குள் இறங்கினால் தெரிந்துவிடும். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நானே அந்தக் கிழிசல்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு மருந்தடிக்கிற ஆட்கள் வந்தார்கள். பருத்தியே போய்த் தென்னை வந்தது. அம்மா நார் மில்லுக்குப் போனாள். தேங்காய் நார்த் தூசியில் இரண்டு வருடம் இருமினாள். ராத்திரி அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். நாற்றுப்பண்ணையில் எனக்கு வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம், அங்கே மேற்பார்வை பார்த்த சகாயமேரி அக்காவிடம் அம்மாவுக்கு ஒரு இடம் கேட்டதுதான். மண் சலிப்பது, பை நிரப்புவது, தண்ணீர் விடுவது. மூன்று மாதத்தில் இருமல் குறைந்தது. அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே பை நிரப்புவதை முதல் முறையாகப் பார்த்தேன்.

சிவப்பு ரிப்பன்

ஏழு கன்றுகளையும் யாரும் தொடக் கூடாதே. எனவே ஒவ்வொன்றின் தண்டிலும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், “ஆய்வுக்குரிய செடிகள். புழுக்களைத் தொடாதீர்கள்” என்று எழுதி, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, கம்பில் மாட்டினேன். எழுத்தை இரண்டு முறை அடித்துத் திருத்தி அழகாக எழுதியிருந்தேன்.

பண்ணையில் ஒன்பது பெண்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் சகாயமேரி அக்காவும் இன்னொருவரும்தான். அது எனக்குத் தெரியாதா என்ன? என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? எழுதி மாட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிற அளவுக்கு நான் படித்திருந்தேன்.

அக்கா இருந்தவரை குழப்பம் வரவில்லை. அவரே அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டார். அன்றைக்கு மதுக்கரையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று அவர் போயிருந்தார். அம்மாவை அந்தப் பக்கம் தண்ணீர் விடச் சொல்லியிருந்தார்கள்.

தண்ணீர்ச் சொம்போடு அம்மா திரும்பி வந்ததும் கேட்டேன்.

“ரிப்பன் கட்டுன செடியில மட்டுமாம்மா பொறுக்குன?”

“பின்ன? அதுக்குத்தான கட்டி உட்டிருக்குது?” என்றாள். “மேரி அம்மணிதான் கட்டியிருப்பான்னு நெனச்சேன். அல்லாரும் நீ கட்டுனதுன்னு சொன்னாங்க. அட, பருத்திக் காட்டுல பாத்ததை எம் பையன் மறக்காம வெச்சிருக்கறானேன்னு ஒரே சந்தோசம். தண்ணி ஊத்தறதைப் போட்டுட்டு மொதல்ல அதைத்தான் பாத்தேன்.”

நான் தண்ணீரைக் குடித்தேன்.

“இது ஒரு மாதர புழுவா இருக்குது கண்ணு. தொட்டா நூலு உட்டுட்டுக் கீழ தொங்குது. ஏமாத்துதாமா! நூலைப் புடிச்சே சுத்தி எடுத்துப்போட்டேன்.”

சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்தச் சமயத்தில் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

ஒரு சொல்

களநோட்டுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பென்சிலில்தான் எழுத வேண்டும், மழையில் மை கரையும். அழிக்கும் ரப்பர் வைத்துக்கொள்ளக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அடித்தது கீழே தெரிய வேண்டும். டாக்டரம்மா முதல் நாள் சொன்ன பாடம் இது.

ஒவ்வொரு நாளுக்கும் நான்கு கட்டம். செடி எண், புழுக்களின் எண்ணிக்கை, நிலை, குறைந்திருந்தால் காரணம்.

வீட்டில் கட்டில் மேல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கையில் ஏழு பூஜ்யம் போட்டாகிவிட்டது. காரணம்?

ஆறு மாதத்துக்கு முன் தண்ணீர் விடும் ஆள் ஒருவன் குறியிட்ட கன்றை மிதித்து ஒடித்துவிட்டான் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். டாக்டரம்மா கோபக்காரர் இல்லை. கத்தவே மாட்டார். “நாளையில இருந்து வேண்டாம்” என்று மெதுவாகச் சொல்வார், அவ்வளவுதான். அம்மாவை அனுப்பினால் அவளுக்கு மறுபடி நார் மில்தான்.

உள்ளே அம்மா மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். நெடி ஏறியும் அவளுக்கு இருமல் வரவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், வரவில்லை.

“பறவை” என்று எழுதினேன்.

அதுதான் ரொம்பச் சுலபமான சொல். பறவைகள் புழு தின்னும். எந்தக் குருவியும் பண்ணைக்கு வந்து நான் தின்னவில்லை என்று சொல்லப் போவதில்லை. அப்படித்தான் நினைத்தேன். எழுதி முடித்தபோது நிம்மதியாகவே இருந்தது. களைப்பில் வருகிற நிம்மதி அது. எட்டு மணிக்கே படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஒரு இலை கிழியலீங்க

மறுநாள் போனில் சொன்னதும் டாக்டரம்மா வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, “ஏழு செடியும் ஒரே நாள்லயா?” என்றார். “இத்தனை முள்ளு இருக்கிற புழுவை? எந்தப் பறவை? நீங்க பாத்தீங்களா?”

“பாக்கலீங்க மேடம். இருக்கும்னு…”

“ரொம்ப முக்கியமான விஷயம் தம்பி. நான் சனிக்கிழமை வரேன். கேமரா கொண்டு வரேன்.”

பொய் சொல்கிறவனுக்குப் பயம் வர வேண்டும். எனக்கு முதலில் வந்தது அலுப்பு. இனி இந்தக் குருவியையும் நான் சுமக்க வேண்டுமே என்கிற அலுப்பு.

சனிக்கிழமை வந்தார். முதலில் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பெண்கள் எல்லோரையும் நிழல்வலைக்குக் கீழே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஏழு கன்றுகளும் ரிப்பனோடு அப்படியே நின்றன. சகாயமேரி அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஊரிலிருந்து வந்த அன்றே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நோட்டில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது, எனக்கும் டாக்டரம்மாவுக்கும் தவிர.

“இந்தச் செடியில இருந்த புழு எல்லாத்தையும் ஏதோ ஒரு குருவி ஒரே நாள்ல தின்னுட்டுப் போயிருக்கு,” என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். “நீங்க நாள் முழுக்க இங்கயே இருக்கீங்க. புதுசா ஏதாவது குருவி வந்து உக்காந்ததைப் பாத்தீங்களா?”

ஒருத்தி தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. அம்மா அதைக் கவனித்தாள். அதற்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாளோ தெரியாது. எழுந்து நின்றாள்.

“ஏனுங்க, குருவீன்னு யாருங்க சொன்னது?”

“நோட்டுல அப்படித்தான் இருக்கு.”

“குருவி தின்னா எலை இப்புடியா இருக்கும்? வந்து பாருங்க.” கன்றுக்குப் பக்கத்தில் போய் ஒரு இலையை விரலால் தூக்கிக் காட்டினாள். “கொத்துன தடம் இருக்குதுங்களா? ஒரு எலை கிழியலீங்க. ஒரு கொழுந்து ஒடியலீங்க. குருவியாம் குருவி! அது நான் பொறுக்குனதுங்க. நாப்பத்தி மூணு.”

சகாயமேரி அக்கா மெதுவாக, “மாராத்தாக்கா, உக்காருக்கா,” என்றார்.

“நீ இரு அம்மணி. முப்பது வருசமாப் புழு பொறுக்கறேன். எந்தத் தோட்டத்துக்காரரும் என் சாலைப் பாத்துக் குருவி தின்னுபோச்சுன்னு சொன்னதில்லீங்க.”

அவளுக்கு உண்மையிலேயே கோபம். வேலை போகுமே என்பது அவள் மனதில் இல்லை. தான் செய்த வேலையை யாரோ ஒரு குருவி பேரில் எழுதிவிட்டார்களே என்பதுதான்.

டாக்டரம்மா குனிந்து அந்த இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“நாப்பத்தி மூணா?” என்றார். “தம்பி நோட்டுல முந்தின நாள் கணக்கு நாப்பத்தொண்ணுதானே இருக்கு?”

“ரெண்டு பைக்குக் கீழ இருந்துதுங்க. காஞ்ச சருகுல ஒட்டியிருந்துது. குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும்.”

“இறங்கிப் போயிருக்கா? செடியை விட்டா?”

“ஆமாங்க. வயிறு நெறஞ்சதும் எறங்குது. தொட்டா நூலு உடுது.”

டாக்டரம்மா தன் பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். அப்புறம் அம்மாவிடம், இவை எதற்காகச் செடியில் இருந்தன, இரண்டு வாரம் கழித்து என்னவாகியிருக்கும், நான் எதற்காகத் தினமும் அங்கே குனிந்துகொண்டிருந்தேன் என்பதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். நான் சொல்லியிருக்க வேண்டியதை.

அம்மாவின் கை இலையை விட்டது.

“பொறுக்கறதுக்குக் கட்டுனது இல்லீங்களா அந்தத் துணி?”

“இல்லம்மா.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லோ கண்ணு,” என்றாள். அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, முந்தானையை மடியில் பரத்தி நீவிக்கொண்டே இருந்தாள்.

கோடு

“நோட்டை எடுங்க தம்பி.”

எடுத்தேன். டாக்டரம்மா பென்சிலை நீட்டினார். “பறவை” மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், “பண்ணைப் பணியாளர் மாராத்தாள் கையால் பொறுக்கியவை, 43. அறிவிப்பை வாய்மொழியாகச் சொல்லாதது என் தவறு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“என்ன எழுதியிருக்குது? வாசி,” என்றாள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

வாசித்தேன். ஒன்பது பெண்களும் கேட்டார்கள்.

“அந்தக் குருவி?”

“அடிச்சாச்சும்மா.”

“தெரியாத மாதர அடிச்சுட்டியா?”

“இல்ல. கீழ தெரியும். அப்படித்தான் அடிக்கணும்.”



டாக்டரம்மா அம்மாவை அனுப்பவில்லை. சகாயமேரி அக்காவிடம், அட்டையைக் கழற்றிவிட்டு, குறியிட்ட செடிகளை ஒவ்வொருவருக்கும் நேரில் காட்டிச் சொல்லும்படி மட்டும் சொன்னார். துளிர் அதற்குள் முற்றிவிட்டது. அந்த வருடம் வேறு தாய்ப்பூச்சி வரவில்லை. இரண்டு மாதத்தில் என் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “புழு போனதுக்காக இல்ல தம்பி, அது உங்களுக்கே தெரியும்,” என்றார். தெரியும் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் களைத்துத்தான் இருந்தார்.

போன்

இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனி ஸ்டோரில் இருக்கிறேன். போல்ட், நட், வாஷர் எண்ணுகிறேன். வைத்த இடத்தில் இருக்கும், பறக்காது. சாக்ஸ் நனைவதில்லை. சாயங்காலம் ரூமுக்கு வந்தால் காரணமில்லாமல் அலுப்பாக இருக்கிறது. ஓடைப் பாதையில் நடந்த அலுப்பு வேறு மாதிரி.

அம்மா இன்னும் நாற்றுப்பண்ணையில்தான் இருக்கிறாள். அவளிடம் பட்டன் போன் இருக்கிறது. ஒன்று என்ற பட்டனை அமுக்கிப் பிடித்தால் எனக்கு அழைப்பு வரும். இந்த வருடம் மழை விட்டதும் நீரடிமுத்துக் கன்றுகள் துளிர்த்திருக்கின்றன. மூன்றில் பூச்சி வந்து முட்டை வைத்திருக்கிறதாம். பண்ணையில் இப்போது எழுதுகிற வேலைக்கு வேறொரு தம்பி இருக்கிறான். ஆனாலும் அம்மா தினமும் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எனக்கு ஒன்றை அமுக்குகிறாள்.

“இருவத்தி மூணு கண்ணு. தொடலை. பைக்கு அடியிலயும் குனிஞ்சு பாத்துட்டேன்.”

அவள் சொல்வதை நான் எழுதிவைக்க ஆரம்பித்தேன். ஸ்டோரில் கிடந்த பழைய நோட்டு ஒன்றில், நான்கு கட்டம் போட்டு, பென்சிலில். யாரும் கேட்கவில்லை.

நேற்றும் கூப்பிட்டாள்.

“பத்தொம்போது.”

“நேத்து இருவத்தி மூணு சொன்னியேம்மா? நாலு எங்க?”

“காணோம்.”

“எறங்கிப் போயிருக்குமா? இல்ல ஏதாச்சும் குருவி…”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் சொம்பில் தண்ணீர் விழுகிற சத்தம். சகாயமேரி அக்கா யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

“நான் பாக்கலை கண்ணு,” என்றாள் அம்மா. “பாக்காததை எப்புடிச் சொல்றது? தெரியலைன்னு எழுதிக்க.”

காரணம் என்ற கட்டத்தில் அப்படியே எழுதினேன்.